ஜெர்மன் பாஷையை ஏன் கற்க வேண்டும், எவ்வளவு கற்க வேண்டும்?

திருவனந்தபுரம் நகரத்தில் ஜெர்மன் பாஷை கற்பது இன்று யாருக்கும் வியப்பளிக்கும் செய்தியன்று. ஜவஹர் நகரில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய கோத்தே சென்ட்ரத்திலும், கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் தைக்காட்டுப் பகுதியில் நடத்தும் அன்னிய பாஷைப் பயிற்சி நிலையத்திலும், கேரள சர்வகலாசாலையின் ஜெர்மன் துறையிலும், இவற்றுக்கு அப்பால் மாடிப்படியின் ஓரத்தில் பலகை மாட்டியிருக்கும் எத்தனையோ தனியார் வகுப்புகளிலுமாக, நர்ஸிங் படித்த பெண்களும், பொறியியல் முடித்த இளைஞர்களும், பிளஸ் டூ எழுதிய கையோடு விசாரிக்க வந்த பிள்ளைகளும் ஏ1, ஏ2, பி1 என்ற பாஷைத் தேர்ச்சிப் படிகளையே பேச்சாகக் கொண்டிருப்பதை எவரும் காணலாம். பாறசாலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகிய ஊர்களிலிருந்து காலையில் வண்டியேறி வந்து, வகுப்பு முடிந்து மாலையில் வீடு திரும்பும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.

இந்த உற்சாகத்துக்குக் காரணம் மறைவானதன்று. ஜெர்மனி தேசத்தில் முதியோர் பெருகி, உழைக்கும் வயதினர் குறைந்துவருகின்றனர். ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் போதிய ஆளில்லை. ஆகவே அந்நாடு 2020-ஆம் ஆண்டில் திறமையுள்ள தொழிலாளரை வரவேற்கும் குடியேற்றச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்து, 2022 டிசம்பரில் இந்தியாவுடன் அதற்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, 2024 அக்டோபரில், ஆண்டுக்கு 20,000 என்றிருந்த இந்தியத் தொழில் விசாக்களின் எண்ணிக்கையை 90,000 வரை உயர்த்தப்போவதாகவும் அறிவித்தது. இதற்கிடையில், 2021 டிசம்பரிலேயே நோர்க்கா ரூட்ஸும் ஜெர்மானிய மத்திய வேலைவாய்ப்பு ஸ்தாபனமும் ‘டிரிப்பிள் வின்’ என்ற ஏற்பாட்டில் கையொப்பமிட்டன. அதன்கீழ்த் தேர்ந்தெடுக்கப்படும் நர்ஸுகளுக்குப் பி1 படி வரையில் பாஷைப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. படிப்பை நாடிச் செல்வோரும் குறைவல்லர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் சர்வகலாசாலைகளில் 49,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் பயின்றார்கள்; அயல்நாட்டு மாணவர்களுள் முதலிடம் அவர்களுடையதே.

பிழைப்புக்காக ஒரு பாஷையைக் கற்பதில் இழிவு எதுவுமில்லை. நம் முன்னோர் பாரசீகத்தையும் ஆங்கிலத்தையும் உத்தியோகத்துக்காகவே கற்றார்கள். கற்றவர்களில் சிலர் அவற்றின் இலக்கியத்திலும் சாஸ்திரத்திலும் மூழ்கி, தம் ஜனங்களுக்கு அங்கிருந்து ஏதேனும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜெர்மன் பாஷையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுவே: அதைக் கற்பதற்கு வயிற்றுப்பாட்டின் நியாயம் ஒன்று, அறிவின் நியாயம் ஒன்று என இரண்டு இருப்பதாக நாம் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவினை தவறானது, பரீட்சையைத் தாண்டுகிற அளவுக்கு மட்டும் கற்ற பாஷை பிழைப்புக்கும் முழுதாக உதவாது, முழுமையாகக் கற்ற பாஷையோ பிழைப்பையும் கொடுத்து, நம்முடைய சொந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியையும் நம் கையில் கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் பிழைப்பின் பக்கத்தை நோக்குவோம். நம் ஊரில் பட்டம் பெற்ற ஒரு நர்ஸ் ஜெர்மனி சென்ற மறுநாளே அங்கே நர்ஸாகிவிடுவதில்லை. அவளுடைய படிப்பை அந்நாட்டார் தம் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, குறை காணுமிடத்தில் ஓர் அறிவுத் தேர்வையோ மாதக்கணக்கான பழகு பயிற்சியையோ விதிக்கிறார்கள். அது முடியும் வரையில் அவள் உதவியாளர் நிலையிலேயே, குறைந்த சம்பளத்துக்கே வேலை பார்க்க வேண்டும். பி1 தேர்ச்சியோடு விசா கிடைத்துவிடலாம். தொழிலுக்குரிய பூரண அங்கீகாரத்துக்கு அநேகமாக எங்கும் அதற்கு அடுத்த படியான பி2 வேண்டும். டாக்டர்களின் விஷயமோ இன்னும் கடினம். அவர்கள் மருத்துவர் சங்கத்தின் முன்னிலையில், நோயாளியோடு சம்பாஷிப்பதற்கும் சக மருத்துவரிடம் நோயின் விவரத்தை எடுத்துரைப்பதற்கும் அறிக்கை எழுதுவதற்கும் தனியாக ஒரு பாஷைப் பரீட்சை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பி1 என்பது உள்ளே விடும் சீட்டேயன்றி, உள்ளே போனபின் உட்காரக் கிடைக்கும் ஆசனம் அன்று.

அந்தப் பி1 பரீட்சைதான் எதைச் சோதிக்கிறது? வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. பேசும் பகுதியில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து, ஒரு விருந்தையோ ஒரு பிரயாணத்தையோ எப்படி நடத்துவதென்று சேர்ந்து திட்டமிடுகிறார்கள். பின்னர் ஒவ்வொருவரும் கொடுக்கப்பட்ட ஒரு விஷயத்தைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேசி, கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். எந்தெந்த விஷயங்கள் கேட்கப்படும் என்று அனுமானித்து, அவற்றுக்குரிய வாக்கியங்களை நெட்டுருப் போட்டு, ஒரு கெட்டிக்காரப் பெண் இதைத் தாண்டிவிடலாம்; தாண்டவைப்பதையே தொழிலாகக் கொண்ட வகுப்புகளும் இருக்கின்றன. ஆனால் வார்டில் நடப்பது வேறு. இரவு வேலை முடிந்து போகிறவள், காலை வேலைக்கு வருகிறவளிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில், இன்ன கட்டிலில் இருப்பவருக்குப் புண் எத்தனை சென்டிமீட்டர் அகலம், சிறுநீர் எவ்வளவு போயிற்று, நடக்கையில் விழக்கூடியவர் யார், எந்த மருந்தை டாக்டர் இரவில் நிறுத்தினார் என்பதெல்லாம் பாதி வாக்கியங்களாகவும் தொழிற்சுருக்கங்களாகவும் பறந்துபோகும். அவற்றைக் காதில் வாங்கி, தவறின்றி ஏட்டில் பதிந்து, பதிந்ததற்குச் சட்டப்படி பொறுப்பேற்கவும் வேண்டும். எண்பத்தைந்து வயதான ஒரு பாட்டி, ஞாபகம் மங்கியபின் பள்ளிக்கூட ஜெர்மனை மறந்து, பவேரியக் கிராமத்துப் பேச்சிலேயே தனக்கு வலிக்கும் இடத்தைச் சொல்வாள். அவள் சொல்வதை அரைகுறையாகப் புரிந்துகொண்ட நர்ஸ் எவ்வளவு இரக்கமுடையவளாயினும் அவளுடைய இரக்கம் நோயாளியைப் போய்ச் சேராது.

இதில் கேரளத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. 1960-களில் இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள், திருச்சபையின் ஏற்பாட்டில், மேற்கு ஜெர்மனியின் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேலைக்கும் நர்ஸிங் பயிற்சிக்கும் சென்றார்கள். இன்றைக்குள்ள பயிற்சிக் கூடங்களோ கைபேசிகளோ அவர்களுக்கு இல்லை. குளிரையும் பாஷையையும் ஒரே நாளில் எதிர்கொண்டு, வார்டிலேயே கேட்டுக் கேட்டுப் பேசக் கற்றுக்கொண்டார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில், இனி அன்னிய ஊழியர் தேவையில்லையென்று சில பகுதிகளில் அவர்களுடைய அனுமதி புதுப்பிக்கப்படாமல் போயிற்று. மனைவியைத் தொடர்ந்து சென்ற கணவன்மார் பலர் அங்கே வேலை செய்ய உரிமையின்றிச் சில வருஷங்கள் வீட்டிலிருந்தார்கள். அப்படிப்பட்ட காலங்களில் அதிகாரியிடம் தன் வழக்கைத் தானே எடுத்துச் சொல்லவும், அனுப்பப்பட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தானே படித்துத் தெரிந்துகொள்ளவும் முடிந்தவர்களுக்கு இருந்த பலம், பிறர் வாயை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இருந்திருக்காது. அன்னிய தேசத்தில் உழைப்பவனுக்குப் பாஷையே முதல் வக்கீல்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழுவதை நான் அறிவேன். ஜெர்மானியர்களுக்கு ஆங்கிலம் தெரியுமே, அது போதாதா என்பது ஒன்று. கையில் வைத்திருக்கும் யந்திரமே எந்தப் பாஷையையும் பெயர்த்துக் கொடுக்கும்போது வருஷக்கணக்கில் சிரமப்படுவானேன் என்பது மற்றொன்று. சர்வகலாசாலையிலும் கம்ப்யூட்டர்க் கம்பெனியிலும் ஆங்கிலம் ஓரளவு செல்லும் என்பது உண்மையே. ஆயினும் வாடகை ஒப்பந்தம், வரி அலுவலகத்துக் கடிதம், குழந்தையின் பள்ளிக்கூடக் கூட்டம், பக்கத்து வீட்டுக்காரரின் குசலப்பிரச்னம் ஆகிய இவை யாவும் ஜெர்மனில்தான் நடக்கின்றன. இவற்றில் பங்கெடுக்காதவன் அந்தத் தேசத்தில் சம்பளம் வாங்குகிறானேயன்றி வாழவில்லை. யந்திரமோ எழுதப்பட்டதைப் பெயர்க்கும். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும்போதும், மரணப் படுக்கையில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கும்போதும் அதை எடுத்து நீட்டுவதற்கு இடமில்லை.

இனி அறிவின் பக்கம். இந்நகரத்துத் தமிழர்களாகிய நமக்கு ஜெர்மன் பாஷையோடு உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1891-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதே திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, பள்ளிப் பருவம் கடந்ததும் ஐரோப்பா சென்று, ஜூரிச் நகரில் படித்து, முதல் உலக யுத்தம் மூளும் தறுவாயில் அங்கேயே ‘புரோ இந்தியா’ என்ற பத்திரிகையை நடத்தி, பின்னர் பெர்லினில் இந்திய சுதந்திரக் கமிட்டியில் பணியாற்றி, 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தாற்காலிக இந்திய அரசாங்கத்தில் வெளிநாட்டு மந்திரியாகவும் நியமிக்கப்பட்டார். சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய எம்டன் கப்பலோடு அவரைச் சேர்த்துச் சொல்லப்படும் கதைகளை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அக்கதைகளின் உதவியின்றியே அவர் பெருமை நிற்கக்கூடியது. தன் தேசத்தின் வழக்கை அன்னிய தேசத்து ஜனங்களின் சொந்த பாஷையில், அவர்கள் பத்திரிகைகளிலும் அவர்கள் மேடைகளிலும் எடுத்துரைத்த ஒருவர், துப்பாக்கியைவிடக் கூர்மையான ஆயுதத்தைக் கையாண்டார் என்றே கொள்ள வேண்டும். 1934 மே மாதத்தில் பெர்லினில் காலமான அவருடைய அஸ்தியை, அவர் மனைவி லட்சுமிபாய் அம்மையார் பல வருஷங்கள் காத்துவைத்திருந்து, 1966-இல் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்தார்.

செண்பகராமன் இங்கிருந்து ஜெர்மனிக்குச் சென்றார். இங்கேயே இருந்துகொண்டு ஜெர்மனியின் கவனத்தைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்தவர் மஹாமஹோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தருவை என்ற ஊரில் 1860-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசாங்கத்தின் சமஸ்கிருத ஏட்டுப் பதிப்புத் துறைக்குத் தலைவராக இருந்த அவர், 1909-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் மலையாள லிபியில் எழுதிய பழைய ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த பாஸ மகாகவியின் நாடகங்கள் அதில் இருக்கின்றன என்று துணிந்து, 1912 முதல் அவற்றைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சிட்டு வெளியிட்டதும், ஐரோப்பிய வித்வான்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. ஹெர்மன் யாகோபி போன்ற ஜெர்மானியப் பண்டிதர்கள் அந்நாடகங்களை ஆராய்ந்து தம் பாஷையில் எழுதினார்கள். டியூபிங்கன் சர்வகலாசாலை சாஸ்திரியாருக்கு டாக்டர் பட்டம் அளித்துக் கௌரவித்தது. அவர் பின்னர்ப் பதிப்பித்த கௌடல்யரின் அர்த்தசாஸ்திரமும் அதே காலத்தில் யோகான் யாகோப் மேயர் என்பவரால் ஜெர்மனில் விரிவான குறிப்புகளோடு பெயர்க்கப்பட்டது. பாஸன் நாடகங்கள் பாஸனுடையவையே தாமா என்ற கேள்வி இன்றளவும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. அக்கேள்வியில் ஜெர்மானியர் சொன்னவற்றை மூலத்திலேயே படித்து, ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கூடியவர்கள், அந்த ஓலைக்கட்டு கிடைத்த பகுதியில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

டியூபிங்கன் என்ற பெயர் கேரளத்துக்கு மற்றொரு காரணத்தாலும் நெருங்கியது. ஜெர்மானியப் பாதிரியாராகிய ஹெர்மன் குண்டர்ட் அங்கே கற்றுப் பட்டம் பெற்றவர். 1836-இல் சென்னையில் வந்திறங்கிய அவர், முதலில் கற்றது மலையாளமன்று, தமிழே. திருநெல்வேலியில் ரேனியஸ் பாதிரியாரோடு சில காலம் இருந்துவிட்டு, 1839-இல் தலசேரிக்கு அருகிலுள்ள நெட்டூரில் குடியேறி, இருபது வருஷம் மலபாரில் உழைத்தார். 1847-இல் மலையாளத்தின் முதல் பத்திரிகைகளாகிய ‘ராஜ்யசமாசாரம்’, ‘பச்சிமோதயம்’ இரண்டையும் தொடங்கியவரும், மலையாள பாஷைக்கு இலக்கணம் எழுதியவரும், 1872-இல் வெளிவந்த பேரகராதியைத் தொகுத்தவரும் அவரே. தலசேரியில் பிறந்த அவர் புதல்வி மேரியின் மகன்தான், ‘சித்தார்த்தன்’ நாவலை எழுதி, 1946-இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸெ. குண்டர்ட் சேகரித்துச் சென்ற ஏடுகளும், பழசிராஜாவின் காலத்துக் கடிதங்களும் டியூபிங்கன் நூல்நிலையத்தில் பத்திரமாக இருந்தன. எண்பதுகளில் ஸ்கறியா சக்கரியா என்ற கேரளப் பேராசிரியர் அங்கே சென்று அவற்றை அடையாளங்கண்டு உலகறியச் செய்தார். 2018-இல் அந்நூல்நிலையம் அவற்றைப் படம் பிடித்து யாவரும் பார்க்கும்படி வெளியிட்டது. மலையாளிகள் தங்கள் குண்டர்ட்டைத் தேடிச் சென்றார்கள். தமிழர்களாகிய நாம் நம்மைப் பற்றி ஜெர்மனில் கிடப்பவற்றை இன்னும் சரியாகத் தேடத் தொடங்கவில்லை என்பது என் மனக்குறை.

கிடப்பவை சாமான்யமல்ல. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கால்வைத்த ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்று, சில ஆண்டுகளுக்குள் அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவரும் அவருடைய சகாக்களும் ஹாலே நகரத்துக்கு எழுதியனுப்பிய அறிக்கைகள் 1710 முதல் 1772 வரை 108 பகுதிகளாக ஜெர்மனில் அச்சிடப்பட்டன என்பதையோ, தஞ்சை மராட்டிய மன்னர்களின் யுத்தங்கள், காவிரிப் பாசனத்து ஊர்கள், பஞ்சம், பள்ளிக்கூடம், திருவிழா, வைத்தியம் ஆகிய சகல விஷயங்களும் நாள்தோறும் கண்டவர்களின் கையால் அவற்றில் பதியப்பட்டிருக்கின்றன என்பதையோ எத்தனை தமிழ் வாசகர்கள் அறிவார்கள்? பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு 1712 முதல் 1714 வரையில் தமிழர்களே எழுதிய பதில் கடிதங்கள் தொண்ணூற்றொன்பது ஹாலேயில் அச்சேறின. தெய்வம், ஜாதி, விவாகம், தர்மம் முதலியவற்றைப் பற்றி முந்நூறு வருஷத்துக்கு முற்பட்ட நம் சாதாரண ஜனங்கள் தம் வாயால் சொன்ன வார்த்தைகள் அவை. அவர்கள் தமிழில் எழுதிய மூலங்கள் காலத்தில் கரைந்துபோயின. ஜெர்மன் வடிவமே எஞ்சி நிற்கிறது. நம் பாட்டனார் பேசியதைக் கேட்பதற்கு நாம் ஜெர்மன் கற்க வேண்டியிருக்கிறது என்பதைவிடப் பலமான காரணம் வேறென்ன வேண்டும்?

திருக்குறள் 1803-இலேயே கேமரர் என்ற பாதிரியாரால் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டது. 1856-இல் லைப்சிக் நகரத்துக் கார்ல் கிரவுல் அதை மீண்டும் பெயர்த்தார்; அவர் 1849-க்கும் 1853-க்கும் இடையில் தென்னிந்தியாவில் பிரயாணம் செய்து எழுதிய ஐந்து பாகப் பிரயாண நூலில் தமிழகத்தைப் பற்றிய செய்திகள் நிரம்பியிருக்கின்றன. 1943-இல், இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவிலும், ஹெர்மன் பைத்தான் என்பவர் லைப்சிகில் தமிழுக்கு ஒரு விரிவான இலக்கணம் வெளியிட்டார். இவற்றில் ஆங்கிலத்துக்கு வந்தவை சில. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தவை அவற்றிலும் சில. இருமுறை வடிகட்டிய பின் எஞ்சுவதைக் கொண்டே நாம் அவர்களைப் புகழ்கிறோம், சில சமயம் கண்டிக்கவும் செய்கிறோம். கண்டிக்க வேண்டிய இடங்களும் உண்டு. மதம் பரப்ப வந்தவர்களின் கண்ணுக்குப் பட்டதும் படாததும் எவை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூலத்தைப் படித்தவனுக்கே அந்த உரிமை முழுதாக உண்டு.

இப்பாஷை தமிழருக்கு மிகவும் கடினம் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அதன் காரணத்தை ஆராய்ந்தால், நாம் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பதே பாதித் தொல்லையை உண்டாக்குகிறது என்று தோன்றுகிறது. பெயர்ச்சொல் அடையும் நான்கு நிலைகளையும் லத்தீன் பெயர்களோடு ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது மாணவன் திகைக்கிறான். அவை ஏறக்குறைய நம்முடைய முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளே என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், நன்னூலின் பெயரை மட்டுமே கேட்ட பிள்ளைக்கும் விஷயம் விளங்கிவிடும். ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறபடியால் வரவில்லை’ என்று சொல்லவேண்டிய இடத்தில், காரணம் கூறும் பகுதியின் வினைச்சொல்லை ஜெர்மன் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆங்கிலத்தைப் பழகியவன் அதைத் தலைகீழ் என்கிறான், தமிழனுக்கோ அது சொந்த வீட்டு வழக்கம். நீண்ட வாக்கியத்தின் முடிவில் வினை வரும் வரையில் பொறுமையோடு அர்த்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் பழக்கம் நமக்குக் குழந்தைப் பருவம் முதல் உண்டு. சொற்களை ஒன்றோடொன்று புணர்த்தி நெடுஞ்சொல் ஆக்குவதும் நமக்குப் புதிதன்று. பால் பாகுபாடு ஒன்றுதான் உண்மையிலேயே வேறானது. மேசை ஆணாகவும், விளக்குப் பெண்ணாகவும், சிறுமியைக் குறிக்கும் சொல் இரண்டுமற்றதாகவும் நடத்தப்படும் அந்தத் தேசத்தில், நம் உயர்திணை அஃறிணை நியாயம் செல்லாது. அதை மட்டும் சிரமப்பட்டு மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஜெர்மன் கற்பிக்கும் நிலையங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டு கற்பிக்கும் பாடநூல் ஒன்று வேண்டும், மலையாளிகளுக்கும் அவ்வாறே. கேரள சர்வகலாசாலையில் தமிழ்த் துறையும் இருக்கிறது, ஜெர்மன் துறையும் இருக்கிறது; அவ்விரண்டும் ஒன்றுகூடி, தமிழ் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஜெர்மன் நூல்களை வாசிக்கும் அளவுக்கேனும் இரண்டு வருஷப் பயிற்சி அளிக்குமானால், ஹாலே அறிக்கைகளைத் தமிழில் பெயர்க்கும் வேலையைத் தொடங்கிவிடலாம். எல்லைக்கு அப்பாலுள்ள திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையும் இதில் கைகோக்கலாம். ஜெர்மனியிலேயே நமக்குத் துணைவர்கள் உண்டு. இலங்கையில் நேர்ந்த யுத்தத்தினால் எண்பதுகளில் அங்கே அடைக்கலம் புகுந்த தமிழர்கள், ஹாம் நகரில் 2002-இல் காமாட்சியம்மனுக்குக் கோபுரத்தோடு கூடிய பெரிய ஆலயம் எழுப்பினார்கள். விடுமுறை நாட்களில் தமிழ்ப் பள்ளி நடத்தித் தம் குழந்தைகளுக்குத் தமிழும் கற்பித்தார்கள். அக்குழந்தைகள் வளர்ந்து, ஜெர்மனைத் தாய்மொழிபோலப் பேசித் தமிழையும் அறிந்த தலைமுறையாக நிற்கிறார்கள். இரு பாஷைகளுக்கும் இடையில் மொழிபெயர்க்க அவர்களைவிடத் தகுந்தவர்கள் எங்கே கிடைப்பார்கள்? நம் சர்வகலாசாலைகள் அவர்களை அழைத்துப் பேசியதுண்டா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூன்றே மாதத்தில் பி1, விசாவுக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்வோரிடம் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பதற்கு முன், பி2 தேர்ச்சிக்கு நாற்பத்தைந்து நிமிஷப் பாடங்கள் 600 முதல் 800 வரையில் வேண்டியிருக்கும் என்று கோத்தே நிலையத்தாரே மதிப்பிடுவதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் வேலைக்கு அரசாங்கத்தின் வழியாகவே கட்டணமில்லாத மார்க்கம் இருக்கும்போது, தரகரை நாட அவசியமில்லை. உயர்கல்விக்கு அனுப்புகிறவர்கள், பெரும்பாலான அரசுச் சர்வகலாசாலைகளில் கல்விக் கட்டணம் இல்லையென்ற சந்தோஷத்தோடு, ஆண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும் என்பதையும், பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பின்னர் வேலை தேடுகையில் ஜெர்மன் கேட்கப்படும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். புறப்படுமுன் ஒரு வருஷத்தை முழுதாகப் பாஷைக்குக் கொடுப்பது செலவன்று, அதுவே மூலதனம்.

இந்நகரத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நம் பிள்ளைகள் இனி ஆண்டுதோறும் அதிகரிக்கவே செய்வார்கள். அவர்களுள் நூற்றுக்கு ஒருவர், தம் வேலையை முடித்துவிட்டு ஓய்வு நாளில் ஹாலே நகரத்து ஆவணக்காப்பகத்துக்கோ டியூபிங்கன் நூல்நிலையத்துக்கோ சென்று, நம் ஊரைப் பற்றிய பழைய காகிதம் ஒன்றை எடுத்து வாசித்து, அதைத் தமிழில் எழுதி அனுப்பும் வல்லமை பெறுவாரானால், சீகன்பால்கும் குண்டர்ட்டும் நம் பாஷைகளுக்குக் காட்டிய சிரத்தைக்கு நாம் சரியான பதில் கொடுத்தவர்களாவோம். அந்த வல்லமை பி1 படியில் கிடைப்பதில்லை. ஆகவே கற்கத் தொடங்கியவர்கள் பரீட்சைச் சான்றிதழ் கைக்கு வந்த தினத்தோடு புத்தகத்தை மூடிவிடாமல், அன்றுதான் பாஷையின் உள்ளே நுழைகிறோம் என்று எண்ணிக் கற்கவேண்டும். கற்பிக்கிறவர்கள் அந்த எண்ணத்தை முதல் வகுப்பிலேயே ஊட்டவேண்டும். அரசாங்கமும் சர்வகலாசாலைகளும் அதற்குப் பொருளும் இடமும் கொடுக்கவேண்டும்.